பச்சைப் போர்வைக்குள் நான்

எங்கள் வடவள்ளி வீட்டுக்கு என் ஆறு மாத மகளைப் படம்பிடிக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். தலையில் ஆண்கள் தொப்பி, முழங்காலெல்லாம் மண். எல்லோருக்கும் 'ங்க' போடுவார், கைக்குழந்தைக்கும் கூட. "ஏனுங்க அம்மணி, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று வாசலில் குப்புறப் படுத்துக் கெஞ்சினார்.

மகளுக்கு இன்னும் தனியாக உட்கார வராது. கொய்யா மரத்தடியில் நான் படுத்து அவள் முதுகைத் தாங்கிக்கொள்ள, என்மேல் பச்சைப் போர்வையைப் போர்த்திவிட்டார். படத்தில் நான் ஒரு புல்மேடு. என் தொப்பையால் உலகத்துக்கு ஆன ஒரே உபயோகம் அது.

கடைசியில், "சார், போர்வைய எடுத்துப்போட்டு அப்பாவும் பொண்ணுமா ஒண்ணு எடுத்துக்கலாமுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. என் மூஞ்சியப் பாத்தா பாப்பா பயந்து அழுதுபோடும்."

"பாப்பாவுக்காகத்தானுங்க. பின்னால கேப்பாங்க."

"அடுத்த மாசம் வெயிட்டக் கொறச்சுப்போட்டு நிக்கறேனுங்க."

வீடே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சரிங்க" என்று கேமராவை மூடிவிட்டார். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை.

மகளுக்கு இப்போது நான்கு வயது. ஆல்பத்தில் அம்மா, மாமா, பக்கத்து வீட்டுப் பூனை எல்லோரும் உண்டு. "அன்னிக்கு நீங்க ஊட்ல இல்லீங்களாப்பா?" என்கிறாள். "இருந்தேன் கண்ணு" என்றால் நம்புவதில்லை.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம். கொஞ்சம் மரியாதை தெரியாதவராக இருந்து, என்னைக் கேட்காமலே போர்வையை உருவியிருக்கலாம்.