சும்மா வந்த சாமியார்

கறுப்பு அட்டை போட்ட செபப் புத்தகத்தைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு என் மாமனார் புறப்பட்டால், ஊரில் யாருக்கோ கடைசி நாட்கள் என்று அர்த்தம். செஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு அவர்தான் உபதேசியார். நோயாளி வீட்டு வாசலில் நின்று, “சும்மா இந்தப் பக்கமா வந்தேன்” என்பார். நோயாளி பயந்துவிடக் கூடாதாம். பேச்சோடு பேச்சாக மனதைப் பக்குவப்படுத்திவிட்டுத்தான் மந்திரித்த எண்ணெய் பூசப் பங்குச் சாமியாரை அழைத்து வருவார். எண்ணெய் என்றாலே எங்கள் ஜனங்களுக்குச் சாவுச் சேதி மாதிரி.

பல வருஷத்துக்கு முன்னால் அவருக்கே வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேட்டதைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அப்பாவிடம் வெறும் புண் என்று சொன்னார். என்னிடம் மாதா சுரூபத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி புகட்டியதெல்லாம் நான். கஞ்சியைவிட அந்தப் பொய்யைப் புகட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மாமனாரும் லேசுப்பட்டவர் இல்லை. “புண்ணுக்கா இவ்ளோ மரியாதை? தெனம் முட்டை குடுக்கறியே” என்று சீண்டுவார்.

என் வீட்டுக்காரர் அவலூர்பேட்டைக்குப் போயிருந்த ஒரு நாள், அவர் சொல்லிவைத்தபடி பங்குச் சாமியார் வந்தார். “சும்மா இந்தப் பக்கமா வந்தேன்” என்றார். மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சாமியார் மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

“நீ சொல்லுமா. எனக்கு இன்னா?” என்று மாமனார் என்னைக் கேட்டார். சொன்னால் என் வீட்டுக்காரர் மன்னிக்கமாட்டார். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் இத்தனை பேர் நடுவில் தனியாகச் சாவார். “கட்டி, மாமா. கொணமாவாதாம்” என்றேன். அழுதது நான்தான்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “எத்தினி பேரை இப்புடி ஏமாத்திக்கினு இருந்தேன். பாவம், அவங்களுக்கும் கேக்கணும்னு இருந்திருக்கும்.”

சாயங்காலம் திரும்பிய மகனிடம், “சாமியாரை எண்ணெயோடயே வரச்சொல்லுடா. எனக்குத் தெரியும்” என்றார். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். பிறகு அப்பாவின் காலில் முகத்தை வைத்து அழுதார். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

எண்ணெய் பூசிய பிறகும் மாமனார் பதினெட்டு நாள் இருந்தார். அப்பாவும் மகனும் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. கல்லறையில் எந்த மூலை என்பதற்குக்கூடச் சண்டை போட்டார்கள்.

போன வாரம், எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் என் மகனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவன், “ஒண்ணுமில்லமா, கேஸ் டிரபிள்தான்” என்று சிரித்தான். கட்டிலில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.

“உக்காருடா. எனக்கு பயமாத்தான் இருக்குது. அதனாலதான் கேக்கறேன், சொல்லு.”