என் கை சொன்ன பக்கம்

இருபத்தேழு என்று அச்சடித்த துணி அட்டை ஒன்று என் அலமாரியில் கிடக்கிறது. நாலு மூலையிலும் ஊக்கு குத்திய ஓட்டைகள். ஜோடி நடனப் போட்டியில் எண் ஆணின் முதுகில் மட்டும்தான் இருக்கும். அதைக் குத்திவிடுவது பெண்ணின் வேலை. என் ஜோடி திண்டுக்கல்லில் நர்சரிப் பள்ளி டீச்சர். ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டே, "அசையாம நில்லுங்கண்ணே" என்பாள். ஆம், அண்ணன்தான். என் கையைப் பிடித்து ஆடவேண்டுமானால் அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்று அவள் அப்பா நிபந்தனை போட்டிருந்தார். பெங்களூர்ப் போட்டிகளில் மற்ற ஜோடிகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பெங்களூர் ஓட்டல் வேலையில் நான் கற்றுவந்த வால்ட்ஸ் ஆட்டத்தை, எங்கள் சர்ச் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இருவரும் ஆடிப் பழகினோம். ஆறே மாதத்தில் அவள் என்னை மிஞ்சிவிட்டாள். இந்த ஆட்டத்தில் ஆணின் கைதான் வழி சொல்லும். பெண் பெரும்பாலும் பின்னோக்கியே அடி வைப்பாள்; எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. என் கை எந்தப் பக்கம் சொன்னாலும் யோசிக்காமல் போவாள்.

பெங்களூரில் ஒரு போட்டியின் இறுதிச்சுற்றுவரை வந்துவிட்டோம். அதில் ஜெயித்தால் ஒரு நடனக் குழு எங்களைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தோற்றால் அவளுக்குக் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. மேடை மூலையில் திரும்பும்போது பக்கத்து ஜோடியை நான் கவனிக்கவில்லை. வலப்பக்கம் தள்ளவேண்டியவன் இடப்பக்கம் தள்ளினேன். அவள் போனாள், அவர்கள்மேல் மோதினாள், விழுந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். இன்று நாலு பக்கமும் செல்போன் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். யார் கை தப்பியது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிடலாம். அன்று விழுந்தவளை மட்டும்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

திரும்பும் ரயிலில், கரூர் தாண்டியதும், அவள் கேட்டாள்: "நீங்க வலது சொல்லி நாந்தான் இடது போயிட்டேனாண்ணே?" துணைக்கு வந்திருந்த அவள் அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். "பதட்டத்துல அப்படித்தான் ஆகும், விடு" என்றேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! அடுத்த மாதமே அந்தக் குழு என்னை மட்டும் கூப்பிட்டது. வேறு ஜோடி தந்தார்கள். போனேன். பதினைந்து வருடம் அதில் சம்பாதித்தேன். அவள் கல்யாணத்துக்கு வாழ்த்துக்கூட அனுப்பவில்லை. வெட்கம்கெட்டவன் என்று இப்போது என்னை நானே திட்டிக்கொள்வதில் யாருக்கும் பயன் இல்லை.

இப்போது ஊரோடு வந்து ஜோடி நடனம் சொல்லித் தருகிறேன். போட்டிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இங்கேயே நிறைய இருக்கிறார்கள். போன வாரம் அவள் தன் மகளை அழைத்துவந்தாள். முடி நரைத்திருந்தது. முகத்தில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. மகள் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "கூட ஆடுற பையன் தப்பாத் தள்ளிவிட்டா நான் என்னம்மா செய்ய?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் மாமா பாத்துப் பழக்கிருவாரு. நான் விழுந்தது என் காலு தப்பித்தான்டி. அண்ணன் கை ஒருநாளும் தப்பாது" என்றாள்.

அறையில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அனுப்புங்க" என்றேன்.