சாம்பிராணிப் புகையும் உங்கள் அக்காவின் மூச்சும்

நீங்கள் இரண்டு பேரும் பிறக்கும் முன்னே நடந்தது இது. அப்போது கோட்டையூரில் குடியிருந்தோம். உங்கள் அக்காவுக்கு ஏழு வயது.

பனி இறங்கினால் அவளுக்கு இரைப்பு வந்துவிடும். நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி கேட்கும். தலைக்கு ஊற்றிய பிள்ளைக்குக் காட்டுகிற சாம்பிராணிதானே, சளியை இளக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் நம்பினேன். சத்தம் கேட்டதும் தூபக்காலில் கங்கு அள்ளிவந்து சாம்பிராணி தூவி, சன்னலைச் சாத்தி, அவளை மடியில் இருத்திப் போர்வையால் மூடிவிடுவேன். திமிறுவாள். "அப்பா சொல்றேன்ல, சளி வெளியேறுதுத்தா, பொறுத்துக்க" என்பேன்.

தை பிறக்கும் முன்னே சத்தம் நின்றுபோனது. நான் வேலை பார்த்த மளிகைக் கடையில் இந்த வைத்தியத்தை நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

ஒருநாள் மதியம் வழக்கத்தைவிட முன்னாலேயே சாப்பிட வந்தேன். அவளைக் காணோம். கொல்லையில் விறகுக் கொட்டகைக்குப் பின்னால், முழங்காலில் கையூன்றிக் குனிந்திருந்தாள். பாவாடை நுனி வாய்க்குள் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் துணியை எடுத்துவிட்டு, "ஓடி வெளையாண்டேன்ப்பா" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூச்சில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு, உங்கள் அம்மாவோடு டவுன் பஸ்ஸில் காரைக்குடிக்கு ஓடினேன். ஊசி போட்டு, மூச்சு தணிந்த பிறகு டாக்டர் கேட்டார்.

"வீட்டுல என்ன வைத்தியம் பாத்தீக?"

சொன்னேன்.

"இரைக்கிற பிள்ளைக்குப் புகையா? சன்னலையும் சாத்துனீகளா?"

தலையாட்டினேன். மருந்துச் சீட்டை உங்கள் அம்மா கையில்தான் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "எத்தனை நாளாத்தா ஒளிஞ்சுக்கிற?"

"பொங்கலுக்கு முன்னாடியே. சத்தம் கேட்டா நீங்க புகை போடுவீகள்ல." கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அன்றே தூபக்காலைத் தூக்கிப் போட்டேன். ஆனால் நான் கிட்டே போனால் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது மட்டும் வெகுநாள் நிற்கவில்லை. மாத்திரை வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்பாள். கல்யாணமாகிப் போய்விட்டாள். இப்போதும் வீட்டுக்கு வந்து "நல்லாருக்கேன்ப்பா" என்று சொன்னால், வார்த்தையை விட்டுவிட்டு அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்க்கிறேன்.

நேற்று உங்களில் சின்னவன் இருமிக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நெஞ்சில் சத்தம் கேட்டால் சொல்லுங்கப்பா. நிமிர்த்தி உட்காரவைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, டாக்டரிடம் கூட்டிப்போவேன். வேறொன்றும் செய்யமாட்டேன்.