காற்றில் இறுகிய இரும்பு

பசியாவரம் தீவில் மீன் வெட்டி விற்பவள் நான். உடைந்த மெஷின் ரம்பப் பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து, எனக்குக் கத்தி செய்து தருவதாகச் சொன்னார் என் வீட்டுக்காரர். பிடி போடத் துளையிடப் பார்த்தார். டிரில் இறங்கவே இல்லை.

"பழுக்கக் காய்ச்சி ஆறவுட்டா இளகிடும்" என்றார்.

கரி அடுப்பை ஊதி ஊதி, பிளேடு மஞ்சளாகத் தகதகக்கும்வரை காய்ச்சி, வெளியே ஆறவைத்தார். லேசாக வளைந்திருந்ததை நிமிர்த்தச் சுத்தியலால் தட்டினார். கண்ணாடி போலச் சிதறியது. ஒரு சில்லு என் புருவத்தைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸ், அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்: "உண்மைய சொல்லும்மா, அடிச்சாரா?"

"இல்லக்கா, மெஷின் ரம்பப் பிளேடு. காய்ச்சி ஆறவெச்சுத் தட்டுனாரு, செதறிடுச்சு."

எனக்கே அது பொய் போலக் கேட்டது. காய்ச்சி ஆறவைத்த இரும்பு எப்படிச் சிதறும்? காலையில் எங்களுக்குள் சண்டை வேறு. வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் குறுக்கிட்டார். டூல் கம்பெனியில் சூப்பர்வைசராம்.

"அது ஹைஸ்பீடு ஸ்டீலா இருக்கும் சிஸ்டர். அவ்ளோ சூட்டுலருந்து காத்துல ஆறுனாலே இறுகிடும். மறுபடி அளவா சூடு காட்டிப் பதப்படுத்தலைன்னா பட்டுனு உடையும்."

நர்ஸ் நம்பிவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது படகில் என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்: "வேணும்னே பண்ணேன்னு நீயுமா என்னையச் சந்தேகப்பட்ட?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். புருவத்துக் காயம் இப்போது ஆறிவிட்டது. அன்று அவரை என்ன நினைத்துப் பார்த்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.