கரைவலைக்காரரின் முதுகுகள்

துணி அழுத்தும் லோண்டரி வாசலில் சிரட்டைக்கரி மணந்தால், என் மாமி படம் கீறிய கடற்கரை நினைவில் வந்துவிடும். கரைவலை இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னுக்குப் பின்னுக்கு நடந்துவர, மேலே பூவரச நிழலில் இருந்த மாமியின் கரித்துண்டு, வியர்த்த முதுகுகளைத் தோள் தோளாகக் கீறிக்கொண்டே போகும்.

“முகம் கீறல்லயா மாமி?” என்று சிணுங்குவேன்.

“இங்க இருந்தா முதுகுதானே புள்ள தெரியுது.”

சுனாமி அந்தக் கரையில் இருந்த வலைக்காரரின் குடியிருப்பை, அலுமாரிகளில் இருந்த போட்டோக்களோடு கொண்டுபோனது. வாவிக்கு இக்கரையில் மாமியின் வீட்டில் இருந்த, படம் கீறிய கொப்பிகள் தப்பின. கரைவலை இழுத்த கணவனை அதில் பறிகொடுத்த கமலாக்கா, அவருடைய படம் ஏதும் இருக்குமா என்று வந்தார். முகமே இல்லாத கொப்பியை மாமி தயங்கித்தான் நீட்டினார். தாள் தாளாகப் புரட்டிய அக்கா ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இது அவர்தான். இடது தோள் சரிஞ்சிருக்கு. ஒருக்கா திரும்பிப் பாக்கச் சொல்லுங்க.”