கோபத்துக்கு ஒரு மாத்திரை

பதினெட்டு வருஷமாகத் துணி வெட்டும் மெஷினில் நிற்பவள் என்பதால் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் கட்டிங் அக்கா. ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவள் பேச்சுக்கு இருந்த மரியாதை போய்விட்டது. குழாயை மூடாமல் விட்டதற்குக் கத்தினாலும், மகன் கேட்காமல் வண்டியை எடுத்துப்போனதற்குக் கத்தினாலும், புருஷனிடமிருந்து ஒரே பதில்தான்.

“மாத்திரை போட்டியா?”

போட்டாயிற்று என்றாலும் விடமாட்டான். “இன்னொண்ணு போடு. மூஞ்சியே செவந்து கெடக்கு.” தண்ணீரையும் அவனே கொண்டுவருவான். பார்ப்பவர்களுக்கு அக்கறை. அவனுக்கு வேண்டியது அவள் வாய் மூடுவது. சண்டையை வளர்ப்பானேன் என்று அவளும் விழுங்கித் தொலைத்தாள்.

கொஞ்ச நாளில் நெஞ்சு அவ்வப்போது ஒரு துடிப்பைத் தவறவிட்டது, படி இல்லாத இடத்தில் கால் வைத்ததுபோல. சொன்னதற்கு, “எல்லாம் உன் கோபந்தான்” என்றான்.

ஒரு நாள் கம்பெனியில் மெஷின் கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் இருட்டியது. விரல் தப்பியது தம்பிரான் புண்ணியம். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

“அக்கா, இனிமே நூல் பிசிறு வெட்டுற பக்கம் உக்காருங்க.”

“எத்தனை நாளைக்கு?”

அவர் அவள் மெஷினின் சுவிட்சை அணைத்தார். பிசிறு வெட்டுவது நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்வது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், துடிப்பு ரொம்ப மெதுவாக இருக்கிறது என்றார். “ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைம்மா?”

“காலையில ஒண்ணு நான் போடுறது. மத்ததெல்லாம் நான் வாயத் தொறக்குறப்போ இவர் போடுறது.”

புருஷன் சுவர்க் காலண்டரைப் படித்தான். இந்த மாத்திரை அழுத்தத்தோடு துடிப்பையும் குறைக்கும், அளவு மீறினால் துடிப்பு தடுமாறும், உயிருக்கே ஆபத்து என்று அவனைப் பார்த்தே சொன்னார் டாக்டர். இங்கேயே படுக்கட்டும், நாங்கள் பார்த்து வேறு மாத்திரைக்கு மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நகர்ந்ததும், நெஞ்சில் ஒட்டிய வயர்கள் ஆட அவள் கத்த ஆரம்பித்தாள்.

“மெதுவாப் பேசு. பிரஷர் ஏறிடும்.” பழக்கதோஷத்தில் அவன் கை சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டைக்குப் போனது.

“ஏறட்டும். நீங்க எறக்கி எறக்கி என்னை எங்க கொண்டுவந்து படுக்க வெச்சிருக்கீங்கன்னு பாத்தீங்கல்ல? அத இங்க குடுங்க.”

கொடுத்தான்.

“இப்ப சூப்பர்வைசருக்குப் போன் போடுங்க. எனக்கு எதனால தலை சுத்துச்சு, யாரால சுத்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. என் மெஷின வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னும் சொல்லுங்க.”

அவன் வாசல் பக்கம் திரும்பி, போனில் முணுமுணுத்தான்.

“சத்தமா” என்றாள்.