ரிம்கியேனே என்று அழைக்கப்பட்டவள்

நோயாளியின் அட்டையைக் கையில் எடுத்ததும் எல்வீரா பெயரின் தலையைப் பார்ப்பதில்லை, வாலைத்தான் பார்ப்பாள். ‘யேனே’ என்று முடிந்தால் குரலில் மரியாதை ஏறும்: யாரோ ஒருவரின் மனைவி. ‘உத்தே’, ‘ஐத்தே’ என்றால் கொஞ்சம் கனிவு: இன்னும் தகப்பன் வீட்டுப் பெண். வெறும் ‘ஏ’யில் முடியும் புதுமோஸ்தர் பெயர்களை மட்டும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “இது எதையும் சொல்ல மாட்டேங்குதே” என்று முணுமுணுப்பாள். பனெவெஜிஸ் நகர மருத்துவமனை ஒன்றின் பதிவு மேஜையில் பத்தொன்பது ஆண்டுகளாக இதே வேலை.

வால் ஆராய்ச்சியில் அவளை மிஞ்ச ஆளில்லை. போலந்துக்காரக் கிழவி யாராவது வந்தால், அந்தக் காலத்தில் அவர்களும் மனைவிக்கு ‘ஓவா’, மகளுக்கு ‘உவ்னா’ என்று பிரித்து வைத்திருந்த கதையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். செக் நாட்டில் இன்றும் பெரும்பாலும் அந்த ‘ஓவா’தான், ‘இன்னாருடையவள்’ என்பதிலிருந்து வந்தது. ஐஸ்லாந்திலோ கல்யாணமானாலும் கடைசிவரை அப்பாவின் மகள்.

“நம்ம ‘உத்தே’ன்னா குட்டின்னு அர்த்தம்டி. தொண்ணூறு வயசானாலும் கல்யாணம் ஆகலேன்னா நீ குட்டிதான்” என்பாள் பக்கத்து மேஜை ரெகினாவிடம்.

“‘யேனே’ மட்டும் என்ன ஒசத்தி? முட்டைக்கோஸ் சூப்போட பேருக்கும் அதே வால்தானே. ஆம்பளைங்க ரெண்டையும் ஆறவிட்டுட்டு மறந்துடுவாங்க” என்பாள் ரெகினா. இருவரும் கறுப்பு ரொட்டியைக் கடித்தபடி சிரிப்பார்கள்.

ரெகினாவுக்கு அவள் எல்வீரா ரிம்கியேனே. கடவுச்சீட்டிலோ ரிம்குத்தே. மகள் யூர்காவும் ரிம்குத்தே. தாயும் மகளும் ஒரே வாலோடு வந்து நின்றால், அப்பா எங்கே என்று அந்த ஊரில் யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. யூர்காவைப் பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியை இரண்டு பெயர்களையும் படித்துவிட்டு, நிமிராமலே, “சரி, அப்பா இடத்துல ஒரு கோடு போட்டுடறேன்” என்றாள். அன்றிலிருந்து கடவுச்சீட்டு கேட்காத இடங்களிலெல்லாம் எல்வீரா ரிம்கியேனே ஆனாள். க்லைபெதா துறைமுகத்தில் கப்பலேறித் திரும்பி வராத ஒரு கணவனும் உருவானான். உண்மை சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். அது வேறு கட்டடம்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒரே வாலுள்ள தாய், மகள் அட்டைகள் சேர்ந்து வரும்போது மேஜைக்குப் பின்னால் எழும் நமுட்டுச் சிரிப்பில், முதல் சிரிப்பு எப்போதும் எல்வீராவுடையது.

இந்த வசந்தத்தில் எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ளப் புதுப் பெயர்வில்லை என்று உத்தரவு வந்தது. பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி. பட்டியலில் கையெழுத்து வாங்கும் பொறுப்பு எல்வீராவுக்கு. நான்காவது வரியில் ரிம்குத்தே. விண்ணப்பம் கொடுத்து ‘ரிம்கே’ ஆகிவிட்டால் வாலே எதையும் காட்டாது என்று காலையெல்லாம் கணக்குப் போட்டாள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தாள் மாலைக்குள் போக வேண்டும். யார் கண்ணிலும் படாமல் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மதியம் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். அட்டை இரண்டிலும் புத்குத்தே. தாய்மார்களுக்கு மனைவியின் வாலை ஒட்டிக் கூப்பிடுவது எல்வீரா தானாகச் செய்யும் சலுகை. கூடம் நிறைய ஆட்கள் இருக்க, “புத்கியேனே அம்மா” என்று கூப்பிட்டாள்.

“புத்குத்தேங்க” என்றாள் அந்தப் பெண், பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டே. “எனக்குக் கல்யாணம் ஆகல. இவளும் புத்குத்தேதான்.” பேருந்து எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மேஜைக்கு அடியில் ரெகினாவின் முழங்கால் இடித்தது. வழக்கமான சிரிப்புக்கு அவள் காத்திருந்தாள். எல்வீரா தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரின் முதுகுக்குப் பின்னால் சிரித்திருப்போம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண் மருத்துவர் அறைக்குள் போகும்வரை தலை நிமிரவில்லை. பிறகு தாளைத் திருப்பி ரெகினா பக்கம் தள்ளினாள்.

“அடடா, உன் பேரைத் தப்பா அடிச்சிருக்கானுங்க பாரு” என்று சிரித்தாள் ரெகினா. “திரும்பக் குட்டியாக்கிட்டாங்க உன்னை. அடிச்சுத் திருத்து.” பேனாவை நீட்டினாள்.

எல்வீரா பேனாவை வாங்கி, அடிக்காமல், ரிம்குத்தேவுக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். ரெகினாவின் சிரிப்பு அடங்கும்வரை அந்தப் பெயருக்கு அடியில் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.